கேட்டு வாங்க வேண்டிய பாக்கெட்

காலரா கிருமி சிறுகுடலை எவ்வளவு பாடாய்ப் படுத்தினாலும் அங்கிருக்கும் ஒரு புரதத்தின் வேலையை அதனால் நிறுத்த முடிவதில்லை. குடல் செல்களின் சவ்வில் பதிந்திருக்கும் அந்தக் கடத்திப் புரதத்தின் பெயர் எஸ்ஜிஎல்டி1. கிருமியின் நச்சு செல்லிலிருந்து குளோரைடை வெளியேற்றுகிறது. அதன் பின்னாலேயே சோடியமும் தண்ணீரும் கொட்டுகின்றன. அந்த நேரத்திலும் இந்தப் புரதம் குடலிலுள்ள சோடியத்தையும் குளுக்கோஸையும் செல்லுக்குள் ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஓஆர்எஸ் என்ற உப்புச் சர்க்கரைக் கரைசல் உயிர் காப்பது இதனால்தான். இத்தனை மலிவான மருந்தை இன்னமும் வாய் திறந்து கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது என்பது வேதனை.

இந்தப் புரதம், ஆள் நிறையாமல் கிளம்பாத ஷேர் ஆட்டோ மாதிரி. இரண்டு சோடியம் அயனிகளும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறும் ஏறியாக வேண்டும். ஏறியதும் புரதம் வடிவம் மாறி, செல்லின் உட்பக்கமாகத் திரும்பி அவற்றை இறக்கிவிடுகிறது. வெறும் உப்புத் தண்ணீர் குடித்தால் சோடியத்துக்கு இந்த வழியில் இடம் கிடைக்காது. குளுக்கோஸ் கூட வந்தால் இரண்டும் உள்ளே போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். இவை ஜோடி சேர்ந்தே சவ்வைக் கடக்கின்றன என்ற கருத்தை ராபர்ட் கிரேன் 1960-ல் பிராக் நகரில் நடந்த அறிவியல் கூட்டத்தில் முன்வைத்தார்.

இந்தப் புரதம் பழுதானால் என்ன ஆகும் என்பதற்குச் சில குழந்தைகளே சாட்சி. மிக அரிதாக, எஸ்ஜிஎல்டி1 மரபணுவில் கோளாறோடு சிலர் பிறக்கிறார்கள். தாய்ப்பால் குடித்த சில நாட்களிலேயே அவர்களுக்குத் தண்ணீராய்ப் பேதி போகும். பாலிலுள்ள சர்க்கரை உடைந்து உண்டாகும் குளுக்கோஸையும் கேலக்டோஸையும் அவர்கள் குடல் உறிஞ்சுவதில்லை. அந்த இரண்டையும் உணவிலிருந்து நீக்கினால் பேதி நின்றுவிடும். ஃப்ரக்டோஸுக்கு வேறு கடத்தி இருப்பதால், அதைச் சேர்த்துச் செய்த பால் மாவில் அந்தக் குழந்தைகள் வளர்கிறார்கள்.

இந்தப் புரதத்தின் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது 1987-ல். அதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பே அதன் வேலையை நம்பி ஒரு முகாம் பிழைத்தது. 1971-ல் வங்கதேசப் போரில் எல்லை தாண்டி வந்த அகதிகளிடையே, மேற்கு வங்கத்தின் பன்காவ்ன் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹலானாபிஸ் ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கலவை தயாரிக்கச் செய்தார். அதை டிரம்களில் கரைத்து வைத்து, நோயாளிகளின் உறவினர்களே மொண்டு மொண்டு புகட்டினார்கள். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு, 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. படிப்பறிவில்லாத ஒரு தாயின் கையில் டம்ளரைக் கொடுத்தாலே போதும் என்று காட்டியதுதான் அவர் செய்த பெரிய காரியம். 2023-ல், இறந்த பிறகு, அவருக்குப் பத்ம விபூஷண் கிடைத்தது.

இன்றைய உலக சுகாதார நிறுவனக் கலவையில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு. கலவையின் மற்ற உப்பிலுள்ள சோடியத்தையும் சேர்த்தால், குளுக்கோஸும் சோடியமும் எண்ணிக்கையில் சமம். சர்க்கரை இதைவிட மிக அதிகமானால் குடல் அதை உறிஞ்சி முடிக்காது. மிஞ்சிய சர்க்கரை உடம்பிலுள்ள தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியை மோசமாக்கும். டெட்ரா பேக்கில் ஓஆர்எஸ் என்ற எழுத்துகளைப் போட்டு இனிப்புப் பானம் விற்றது ஆபத்தானது இதனால்தான். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் விடாமல் போராடினார். கடைசியில் 2025 அக்டோபரில், பானங்களின் பெயரில் அந்த எழுத்துகள் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. நியாயமான உத்தரவு; ஆனால் அது மட்டும் போதாது.

கர்நாடகத்திலும் பீகாரிலும் 2,000-க்கும் மேற்பட்ட தனியார் மருத்துவர்கள், மருந்துக்கடைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2024-ல் வெளியானது. பேதி கண்ட குழந்தையின் பெற்றோர் போல நடிகர்களை அனுப்பிப் பார்த்தார்கள். ஓஆர்எஸ் கொடுக்காமல் விடுவதற்கு முக்கியக் காரணம் அறியாமையோ லாப ஆசையோ அல்ல, வருகிறவர்கள் அதை விரும்புவதில்லை என்ற தவறான எண்ணம்தான் என்று தெரிந்தது. தங்களுக்கு ஓஆர்எஸ் வேண்டும் என்று காட்டிக்கொண்டவர்களுக்கு அது கணிசமாக அதிகம் கிடைத்தது.

ஆகவே, கேட்க வேண்டும். ஓஆர்எஸ் பவுடர், கூடவே ஜிங்க் மருந்து என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டில் கொஞ்சத்தை எடுத்து டம்ளரில் போடும் பழக்கத்தை விட வேண்டும். அளவு கூடினால் உப்பு ஏறும், குறைந்தால் பலனில்லை. பாக்கெட்டில் அச்சிட்ட அளவுத் தண்ணீரில் முழுப் பொடியையும் கொட்டி, ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டி, 24 மணி நேரத்துக்குப் பிறகு மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். குழந்தை குடிக்க முடியாமல் துவண்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.