விடைபெறும் 'ஈகிள்': சர்க்யூட் போர்டு டிசைனுக்கு அடுத்து எந்த சாஃப்ட்வேர்? கவனிக்க வேண்டியது என்ன?

அர்டுயினோ வைத்து புராஜெக்ட் செய்த பலருக்கும் 'ஈகிள்' தெரிந்திருக்கும். மாணவர்களும் சிறு நிறுவனங்களும் சர்க்யூட் போர்டு வரையப் பல வருஷமாகப் பயன்படுத்திய சாஃப்ட்வேர் அது. 2026 ஜூன் 7-ம் தேதிக்குப் பிறகு ஈகிளுக்கு விற்பனையும் கிடையாது, சப்போர்ட்டும் கிடையாது என்று அதன் உரிமையாளரான ஆட்டோடெஸ்க் 2023-லேயே அறிவித்துவிட்டது.

அப்போ பழைய டிசைன்கள் என்னாகும்? புதுசா எதைத் தேர்ந்தெடுப்பது?

ஈகிளுக்கு என்ன ஆச்சு?

1988-ல் ஜெர்மனியின் கேட்சாஃப்ட் நிறுவனம் ஈகிளை வெளியிட்டது. 2009-ல் பிரீமியர் ஃபார்னெல், 2016-ல் ஆட்டோடெஸ்க் என அடுத்தடுத்து கை மாறியது. ஒருமுறை பணம் கட்டி வாங்கும் முறை போய், 2017-ல் சந்தா முறை வந்தது. இப்போது அதே வேலைகளை 'ஃப்யூஷன்' சாஃப்ட்வேருக்குள் செய்யச் சொல்கிறது ஆட்டோடெஸ்க்.

ஃபைல் திறக்காவிட்டால் என்ன சிக்கல்?

ஒரு போர்டு பத்து வருஷம் கூட ஓடும். நடுவில் அதிலுள்ள ஒரு ஐசி சந்தையில் கிடைக்காமல் போனால், பழைய டிசைனைத் திறந்து திருத்தியாக வேண்டும்.

போர்டு தயாரிக்கும் ஆலைக்கு 'கெர்பர்' ஃபைல் போதும். ஆனால் அது அச்சடித்த பிரதி மாதிரி. செம்புக் கோடுகளின் வடிவம் இருக்கும், எந்த பாகம் எதோடு ஏன் இணைகிறது என்ற ஸ்கீமேட்டிக் இருக்காது. திருத்த வேண்டுமென்றால் மூல ஃபைல் வேண்டும்.

இதில் ஈகிள்காரர்களுக்கு ஒரு ஆறுதல். 2012-ல் வந்த 6-வது பதிப்பிலிருந்து ஈகிள் ஃபைல்கள் எக்ஸ்எம்எல் வடிவில் சேமிக்கப்படுகின்றன. அதனால் மற்ற சாஃப்ட்வேர்களாலும் படிக்க முடிகிறது.

என்னென்ன வாய்ப்புகள்?

கீகேட்: 1992-ல் பிரான்சின் ழான்-பியர் ஷராஸ் தொடங்கியது. செர்ன் ஆய்வகமும் இதன் வளர்ச்சிக்கு உதவியது. முழுக்க இலவசம், ஓப்பன் சோர்ஸ். ஈகிளின் இலவசப் பதிப்பில் 80 சதுர சென்டிமீட்டர், 2 லேயர் என்ற கட்டுப்பாடு உண்டு. கீகேடில் 32 செம்பு லேயர் வரை போகலாம். ஈகிள் ஃபைல்களையும் திறக்கும்.

ஈசிஇடிஏ: பிரவுசரிலேயே வரையலாம். அங்கிருந்தே போர்டுக்கு ஆர்டர் போடலாம். ஆனால் டிசைன் அவர்களுடைய சர்வரில் இருக்கும் என்பதால், ஒரு பிரதியை இறக்கி வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

ஆல்டியம்: பெரிய நிறுவனங்களில் அதிகம் புழங்குவது, விலையும் அதிகம். 2024-ல் ஜப்பானின் ரெனேசாஸ் இதன் உரிமையாளரானது.

கேட்க வேண்டிய 3 கேள்விகள்

1. சந்தா கட்டுவதை நிறுத்தினாலும் என் ஃபைல் திறக்குமா?

2. வேறு சாஃப்ட்வேரால் இதைப் படிக்க முடியுமா?

3. நிறுவனம் கை மாறினால், கைவிட்டால், யார் தொடர்ந்து நடத்துவார்கள்?

மூன்றாவது கேள்வியில்தான் கீகேட் முந்துகிறது. அதன் மூலக் குறியீடு பொதுவில் இருப்பதால், ஒரே நிறுவனம் நினைத்து இழுத்து மூட முடியாது.

பழைய ஈகிள் ஃபைல் இருந்தால்?

தேவை வரும்வரை காத்திருக்க வேண்டாம். கீகேடில் திறந்து, விதிமீறல் சோதனையான டிஆர்சி-யை ஓட்டி, புதிதாக எடுத்த கெர்பரைப் பழைய கெர்பரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். மாற்றத்தில் ஏதாவது நகர்ந்திருந்தால், ஆலைக்கு அனுப்பும் முன்பே தெரிந்துவிடும்.