ராயபுரத்தில் ரெயில் ஏறலாமா?

சென்னைக்கு வருகிறவர்களுக்கு சென்டிரல் தெரியும்; எழும்பூர் தெரியும். ராயபுரம் ரெயில் நிலையம் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூடக் கொஞ்சம் யோசிப்பார்கள்.

கடற்கரை நிலையத்தில் வடக்கே போகும் லோக்கல் ரெயிலில் ஏறினால் அடுத்த நிறுத்தமே ராயபுரம்தான். சென்ற வாரம் ஒரு பிற்பகலில் அங்கே இறங்கினேன். என்னோடு இறங்கியவர்கள் ஏழெட்டுப் பேர். மீன் விற்று முடித்துக் காலிக் கூடையோடு திரும்பிய ஓர் அம்மாளும் அவர்களில் ஒருவர்.

வெளியே வந்து திரும்பிப் பார்த்தால், வரிசையாகத் தூண்கள். அகன்ற மண்டபம். ரெயில் நிலையம் என்று பெயர்ப் பலகை சொல்லாவிட்டால், யாரோ ஒரு பழைய பிரபுவின் மாளிகை என்றுதான் நினைக்கத் தோன்றும். மண்டபத்தில் ஆள் நடமாட்டம் இல்லை.

1856-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி இந்த இடம் இப்படியா இருந்திருக்கும்! அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு இந்த நிலையத்தைத் திறந்து வைத்தார். ஜூலை 1-ந் தேதி, தென்னிந்தியாவின் முதல் பிரயாணிகள் ரெயில் இங்கிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. தூரம் சுமார் 100 கிலோமீட்டர். மாட்டு வண்டியில் நாட்கணக்கில் போன வழி! (செங்குன்றத்தில் கல் சுமக்க 1837-லேயே தண்டவாளம் போட்டார்கள். அது வேறு கதை.)

பம்பாய்-தாணா ரெயில் 1853-ல் ஓடியது. அதற்கு அடுத்த ஆண்டு ஹவுரா-ஹூக்ளி ரெயில். அந்த வரிசையில் நாம் மூன்றாவது. ஆனால் பம்பாயிலும் ஹவுராவிலும் அன்று எழுந்த முதல் கட்டிடங்கள் இன்று இல்லை. போரிபந்தர் நிலையத்துக்குப் பதிலாக விக்டோரியா டெர்மினஸ் வந்தது. ஹவுராவிலும் புதுக் கட்டிடம் எழும்பி விட்டது. ஆகவே, இந்தியாவில் எஞ்சி நிற்கும் ரெயில் நிலையக் கட்டிடங்களில் மூத்தது நம்முடைய ராயபுரம்தான்.

ஏன் ராயபுரம்?

அந்த நாளில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தள்ளி நின்று விடும். மசூலாப் படகுகளில்தான் சரக்கு கரைக்கு வரும். அந்தக் கரைக்குப் பக்கத்தில், வியாபாரம் நடந்த கறுப்பர் நகரத்துக்கு வடக்கே, கம்பெனிக்காரர்கள் இடம் பார்த்தார்கள். படகோட்டிகள் வாழ்ந்த பகுதி அது. மீனவரான பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ராயப்பர் என்பார்கள். அவர் பெயரில் படகோட்டிகள் கட்டிய கோயிலால்தான் ஊருக்கே ராயபுரம் என்று பெயர் வந்தது.

பாதை வளர்ந்தது. 1862-ல் மேற்குக் கடற்கரையில் பேப்பூர் வரை போயிற்று. 1871-ல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு சேர்ந்தது. ஆனால் 1873-ல் சென்டிரல் வந்தது. ராயபுரத்தின் மவுசு குறைந்தது. 1922 வரை ஒரு பெரிய ரெயில்வே கம்பெனியின் தலைமை அலுவலகம் இங்கே இருந்தது. அதுவும் போன பிறகு சரக்கு வண்டிகளும் லோக்கல் வண்டிகளுமே மிச்சம். 2005-ல் கட்டிடத்தைப் பழுது பார்த்தார்கள். நல்ல காரியம்; பாராட்ட வேண்டியதுதான்.

சாந்து பூசினால் போதுமா?

போதாது என்பது என் கட்சி. மியூசியம் ஆக்கி விடலாம் என்று சொல்வாரும் உண்டு. அதற்கும் நான் உடன்பட மாட்டேன். ரெயில் ஓடுகிற ஊரில், மக்கள் நெருக்கியடித்து வாழும் இடத்தில், ரெயில் நிலையத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பானேன்?

வட சென்னைக்காரர் ஒருவர் நெல்லூருக்குப் போக வேண்டும் என்று வைத்துக் கொள்ளுங்கள். மூட்டை முடிச்சுகளோடு ஆட்டோ பிடித்து, வால்டாக்ஸ் சாலை நெரிசலில் நீந்தி, தெற்கே சென்டிரலுக்கு வருகிறார். அங்கே ஏறிய ரெயில் பேசின் பிரிட்ஜ் தாண்டி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை வழியாக அவர் வீட்டுப் பக்கமாகவே திரும்பிப் போகிறது! ஜன்னல் வழியாகத் தன் பேட்டையைப் பார்த்துக் கொண்டே அவர் போகலாம்.

இட வசதி இல்லை, மின்சார எஞ்சின் பணிமனை இருக்கிறது, சாலைகள் குறுகலானவை என்று பதில் வரும். பெரிய முனையம் கட்டுவதானால் அவை சரியான தடைகளே. ஆனால் நான் கேட்பது பெரிய முனையம் அல்ல. ஆந்திரப் பக்கம் ஒரு ரெயில். பழைய வாலாஜா ரோடு மார்க்கத்தில் காட்பாடிக்கு ஒன்று. இரண்டே இரண்டு. அவற்றுக்காகக் காத்திருப்பவர்கள் அந்த மண்டபத்தில் உட்காரட்டும். அதைக் கட்டியது அதற்குத்தானே?

நான் தூண்களைப் படம் எடுப்பதைப் பார்த்து, அந்த மீன்கார அம்மாள் கூடையை இறக்கி வைத்தார்.

"இன்னா சார், போட்டோ புடிக்கிறே? இங்கேருந்து ரெயிலு வுடப் போறாங்களா?"

"விட்டால் நல்லதுதானே, அம்மா?"

"எம் பொண்ணை கூடூர்ல கட்டிக் குடுத்துக்கீறேன். அதைப் பார்க்கணும்னா சென்ட்ரலுக்குத்தான் ஓடணும். வுடச் சொல்லி எழுது சார்!"

கூடையை இடுப்பில் ஏற்றிக் கொண்டு காசிமேட்டுப் பக்கம் நடந்தார். எழுதி விட்டேன்.