போகாத ஊருக்குத் திரும்பியவர்கள்

பாங்கில் உத்தியோகம் பார்க்கும் என் நண்பர் ஒருவருக்குச் சென்னையிலிருந்து கொடைக்கானலுக்கு மாற்றல் ஆயிற்று. மனைவியையும் பதினைந்து வயது மகனையும் அழைத்துக்கொண்டு மலையேறினார். மூன்று மாதம் கழித்து எனக்கு டெலிபோன் செய்தார்.

"ஊர் உலகமெல்லாம் பணத்தைச் செலவு பண்ணிக்கொண்டு ஓடி வருகிற இடம் ஸார் இது. இந்தப் பையனுக்கு மட்டும் ஜெயிலாகத் தெரிகிறது. சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை. நீங்கள் கதை எழுதுகிறவர். மனித மனம் தெரிந்தவர். ஒருமுறை வந்து அவனிடம் பேசிப் பாருங்களேன்" என்றார்.

எனக்கு மனித மனம் தெரியும் என்று நம்ப ஒருவராவது இருக்கிறாரே என்ற சந்தோஷத்தில் புறப்பட்டுப் போனேன். பையனும் நானும் ஏரிக்கரையில் நடந்தோம். குளிர்ந்த காற்றைப் பற்றியும் யூகலிப்டஸ் வாசனையைப் பற்றியும் நான் என்னென்னவோ பேசினேன். சென்னையின் வெயிலையும் புழுக்கத்தையும் இகழ்ந்தேன். பையன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வந்தான். கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்:

"என்னை யாருமே கேக்கலை, அங்கிள்."

எனக்குப் பதில் வரவில்லை. பக்கத்தில் சோளக்கதிர் சுட்டு விற்றுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடமிருந்துதான் பதில் வந்தது.

"தம்பி சொல்றது நெசந்தாங்க ஐயா. என்னையும் யாரும் கேக்கல. எனக்கு அப்ப பதினாலு வயசு."

அவர் பிறந்தது இலங்கையில், தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். அவருடைய தகப்பனார் பிறந்ததும் அங்கேதான். பாட்டனார் பிறந்ததும் அங்கேதான். 1973-ல் ஒரு நாள் தகப்பனார் கையில் ஒரு காகிதத்தோடு வந்தார். எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த பையன் தன் புத்தகங்களைச் சிநேகிதனிடம் கொடுத்துவிட்டு ரயிலேறினான். போகிறவர்களும் நிற்கிறவர்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கதறிய அந்த ரயிலுக்கு மலைநாட்டு ஜனங்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வைத்திருந்தார்கள். தலைமன்னாரில் கப்பல், ராமேசுவரத்தில் கரை, மண்டபத்தில் முகாம். அங்கிருந்து அவர்களுக்குச் சர்க்கார் சூட்டிய பெயர், 'தாயகம் திரும்பியோர்.'

"அதைப் படிச்சப்ப எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்க ஐயா. போகாத ஊருக்கு எப்படீங்க திரும்புறது?" என்றார் பெரியவர்.

அரை நூற்றாண்டாக யாரும் பதில் சொல்லாத இந்தக் கேள்வியை நான் இங்கே அச்சில் கேட்கிறேன். அச்சில் கேட்டால்தான் நம்மவர்களுக்குக் காது கேட்கிறது!

இளைய வாசகர்களுக்காகச் சில விவரங்களைச் சொல்லிவிட வேண்டும். வெள்ளைக்காரத் துரைமார்கள் முதலில் காப்பிக்காகவும், காப்பிச் செடியை நோய் தின்ற பிறகு தேயிலைக்காகவும் கண்டிச் சீமையின் காடுகளை அழிக்க ஆள் தேடினார்கள். தமிழ்நாட்டின் பஞ்சம் பிடித்த கிராமங்களிலிருந்து கங்காணிகளின் பின்னால் ஜனங்கள் போனார்கள். இது 1820-களில் ஆரம்பித்த கதை. வழியிலேயே மாண்டு போனவர்கள் அநேகர். எஞ்சியவர்கள் அந்த மலைகளைப் பசுமையாக்கினார்கள். இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்தது. அந்த ஜனங்களின் பிரஜாவுரிமை போயிற்று. அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று.

1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மீதியையும் 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போதுகூட, கறவை மாட்டை யாரிடம் விடுவது என்று சற்று யோசிப்பார்கள். இங்கே பிரிக்கப்பட்டவர்கள் மனிதர்கள்! அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இலங்கையிலேயே இருக்கிறோம் என்று மனுப் போட்டவர்கள், ஒப்பந்தம் ஒதுக்கிய இடங்களைவிட மிக அதிகம். ஆனால் கணக்கு முன்னாலேயே முடிந்துவிட்டதே!

இப்படிக் கப்பலேற்றப்பட்ட ஒரு சிறுவனைத்தான் நாம் 'திரும்பியவன்' என்கிறோம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் அவன் பாட்டனுக்குப் பாட்டன் விட்டுப்போன மண் அவனுக்குத் தாயகம். அவன் தவழ்ந்த மண், நீர் குடித்த ஓடை, அவன் தாயின் தொப்புள்கொடி புதைந்த இடம் அந்நியம்! இந்த நியாயத்தை நம் குடும்பங்களுக்குப் பொருத்திப் பார்த்தால் எத்தனை பேர் இருக்கும் வீட்டில் இருக்க முடியும்?

"அவர்கள் தமிழர்கள், வந்தது தமிழ்நாடு. பாஷை ஒன்று, சாமி ஒன்று, சாப்பாடு ஒன்று. இதில் என்ன பெரிய கஷ்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு. படித்தவர்களே கேட்கிறார்கள். நான் சொல்கிறேன்: பாஷை ஒன்றாக இருந்ததுதான் கஷ்டம்! வேற்று மொழி நாட்டுக்குப் போனவனுடைய திகைப்பை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அதே மொழி பேசுகிற ஊரில் அந்நியனாக நிற்பவனின் திகைப்பை யாரும் நம்ப மாட்டார்கள். அவன் வாயைத் திறந்ததும் 'சிலோன்காரன்' என்றார்கள். அங்கே அவனுடைய தகப்பனை 'இந்தியாக்காரன்', 'கள்ளத்தோணி' என்று ஏசினார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போனால், "உனக்குச் சொந்த ஊர் எது? சாதிச் சான்று எங்கே?" சொந்த ஊரை விட்டு வந்தவனிடமே சொந்த ஊரைக் கேட்டால் அவன் என்ன சொல்வான்?

அவர்களுடைய குடும்பத்தைத் தென்பாண்டிச் சீமையின் ஒரு வறண்ட கிராமத்தில் கொண்டுபோய் விட்டார்கள். வியாபாரம் செய்யக் கடன் கொடுத்தார்கள். கொழுந்து பறிப்பதைத் தவிர வேறு தொழில் அறியாத மனிதர் பெட்டிக்கடை வைத்தார். தராசு பிடிக்கத் தெரியாதவர். கடன் கேட்டவனுக்கு இல்லையென்று சொல்லவும் தெரியாதவர். கடை ஆறு மாதத்தில் மூழ்கிற்று. வெயில் வேறு தாங்கவில்லை. அப்போதுதான் யாரோ சொன்னார்கள், "பழனி மலைத் தொடரிலே கொடைக்கானல்னு ஒரு இடம் இருக்கு. ஒங்க ஊரு மாதிரியே குளிரும்."

குளிர் ஒன்றை நம்பி ஒரு குடும்பம் மலையேறிற்று என்றால், விட்டு வந்த மண்ணின்மேல் அவர்களுக்கு எத்தனை ஏக்கம் இருந்திருக்க வேண்டும்! இப்படி எத்தனையோ குடும்பங்கள் ஏறின. ஆனால் இங்கே அவர்களுக்குக் காத்திருந்தது தேயிலை அன்று; சீகை மரம். தோல் பதனிடுகிற சாலைகளுக்குப் பட்டை வேண்டும், ஆலைகளுக்கு மரக்கூழ் வேண்டும் என்று, ஆஸ்திரேலியாவில் பிறந்த இந்த மரத்தைப் புல்வெளிகளில் காடு காடாக நட்டு வைத்திருந்தார்கள். காண்டிராக்டர்கள் முன்பணம் கொடுத்துக் கூப்புக்கு அழைத்துப் போனார்கள். மரம் வெட்டுவது, பட்டை உரிப்பது, சுமப்பது. தழையும் கந்தலும் போர்த்திய குடிசை. ஒரு கூப்பு முடிந்தால் குடிசையைப் பிரித்துக்கொண்டு அடுத்த கூப்பு. முன்பணம் மட்டும் எந்தக் கூப்பிலும் தீராது. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-ல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும், 1980-களில்கூட, இந்த மலைக்காடுகளில் 'தாயகம் திரும்பியவர்கள்' முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்தார்கள். இதுவா தாய்வீட்டுச் சீர்?

பதினாலு வயதுப் பையன் பட்டை உரித்தான். பள்ளிக்கூடத்தின் வாசலை அவன் மறுபடி மிதிக்கவில்லை.

இந்த இடத்தில் கொடைக்கானலின் பழைய கதை ஒன்றை நினைவூட்டுகிறேன். இந்த ஊரே அந்நிய பூமியிலிருந்து வந்தவர்களால் உண்டானதுதான். மதுரையில் மலேரியாவுக்கும் வெயிலுக்கும் பெண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த அமெரிக்கப் பாதிரிமார் 1845-ல் இங்கே வீடு கட்டினார்கள். 1863-ல் லெவிஞ்ச் துரை ஓடையை அணைத்து இந்த ஏரியை உண்டாக்கினார். பாதிரிமார்களின் பிள்ளைகள் படிப்பதற்காக 1901-ல் பள்ளிக்கூடம் எழுந்தது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. இடம் பெயர்ந்த பிள்ளைகளின் மனம் வாடும் என்று அறிந்தவர்கள் அவர்கள். முதல் காரியமாக அந்த வாட்டத்துக்கு மருந்து தேடினார்கள். அதே மலைக்கு நம் சொந்த ஜனங்கள் வந்தபோது நாம் என்ன தேடினோம்? அவர்கள் கைக்கு ஒரு வெட்டரிவாள் தேடினோம்!

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். நீலகிரியில் அவர்களுக்கென்றே தேயிலைத் தோட்டங்கள் போட்டார்கள். 1969-ல் அவர்களுக்கென்று ஒரு பாங்கு தொடங்கினார்கள். அவற்றால் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால், 'திரும்பியவர்கள்' என்ற அந்தச் சொல் இருக்கிறதே, அது எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. அந்நிய தேசத்துக்கு வந்தவனுக்கு வழி சொல்ல வேண்டும், பாதுகாப்பு வேண்டும், பரிவு வேண்டும். வீடு திரும்பியவனுக்கு எதற்கு? அவன்தான் வீட்டுக்கு வந்துவிட்டானே! நம் மனச்சாட்சியைத் தூங்கப் பண்ணுவதற்கு இதைவிட நல்ல தாலாட்டு கிடையாது.

இதிலே எழுத்தாளர்களாகிய நாங்களும் குற்றவாளிகள். கொடைக்கானல் ஏரியில் படகு விடாத தொடர்கதை தமிழில் எத்தனை தேறும்? என் கதாநாயகர்களும் அந்த ஏரிக்கரையில் காதலித்திருக்கிறார்கள், பனிமூட்டத்தில் பிரிந்திருக்கிறார்கள், மறு பதிப்பும் கண்டிருக்கிறார்கள். அந்தப் பனியில் பட்டைச் சுமையோடு நின்ற பையனை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும், காட்சிக்கு இடைஞ்சல் என்று விலக்கியிருப்பேன். என் கதைகளை விரும்பிப் படித்த வாசகர்களும் அவனைத் தேடவில்லை. நாம் இரு சாராரும் ஒருவரையொருவர் நன்றாகத் திருப்திப்படுத்திக்கொண்டோம்!

"பழைய கதை; இப்போது கிளறுவானேன்?" என்பீர்கள். பழைய கதையானால் நான் இந்த வேலைக்கு வந்திருக்க மாட்டேன். 1984-ல் கப்பல் நின்றது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு உயிர் பிழைக்கக் கடல் தாண்டி வந்தவர்களில், இதே தோட்டத்து ஜனங்களும் உண்டு. அதே பாட்டன்மார், அதே கிராமங்கள். முந்தி வந்தவனுக்கு, அவன் கேட்டாலும் கேட்காவிட்டாலும், 'இது உன் தாயகம்' என்றோம். பிந்தி வந்தவனை, அவன் கெஞ்சிக் கேட்டும், அந்நியன் என்கிறோம். 2019-ல் திருத்திய குடியுரிமைச் சட்டம் பாகிஸ்தானைச் சொல்கிறது, வங்கதேசத்தைச் சொல்கிறது, ஆப்கானிஸ்தானைச் சொல்கிறது, இலங்கையைச் சொல்லவில்லை. தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் படித்து, எந்த நாட்டுக்கும் பிரஜையில்லாமல் நிற்கிற பதினாலு வயதுப் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். இலங்கையோ 2003-ல் சட்டம் செய்து, தன்னிடம் எஞ்சியிருந்த மலையகத்தாருக்குப் பிரஜாவுரிமை கொடுத்துவிட்டது. ஐம்பத்தைந்து வருஷம் கழித்துக் கொடுக்க முடிந்ததை அன்றே கொடுத்திருந்தால், ஒப்பாரிக் கோச்சி எதற்கு ஓடியது?

ஆகவே நான் சொல்வது இது. 'திரும்பியோர்' என்ற சொல்லை நம் தஸ்தாவேஜுகளிலிருந்தும் நாவிலிருந்தும் எடுத்துவிடுவோம். அவர்கள் பெயர்க்கப்பட்டவர்கள். அந்த உண்மையை முதலில் ஒப்புக்கொண்டால், அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் என்னவென்று தானாகவே தெரியும். முகாமில் பிறந்த பிள்ளைக்குப் பிரஜாவுரிமை கொடுங்கள். ஆனால் அதைத் தருமமாகக் கொடுக்காதீர்கள். இரண்டு சர்க்கார்கள் கூடி அவன் குலத்தைக் கூறு போட்டதற்கு நஷ்டஈடாகக் கொடுங்கள்.

என் நண்பருடைய மகனின் துக்கத்தை இதனோடு ஒப்பிட்டு நான் சிறுமைப்படுத்துவதாக எண்ண வேண்டாம். அவனுக்குத் தகப்பனார் இருக்கிறார், சம்பளம் இருக்கிறது, விடுமுறைக்குச் சென்னை இருக்கிறது. இருந்தும் அவன் துக்கம் உண்மையானது. பதினைந்து வயதில் ஓர் ஊரை இழப்பது என்னவென்று அவனுக்குத் தெரியும். அந்த அறிவு, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பெரியவர்களில் ஒருவருக்காவது இருந்திருக்கலாம்.

அன்று ஏரிக்கரையில், மூன்று மாதமாக யாரிடமும் பேசாத அந்தப் பையன், கதிருக்குக் காசை நீட்டிக்கொண்டே பெரியவரிடம் கேட்டான்:

"தாத்தா, அப்புறமாவது இந்த ஊர் உங்களுக்குப் பிடிச்சுதா?"

பெரியவர் விசிறுவதை நிறுத்தினார். அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"வந்து அம்பது வருசமாச்சு தம்பி. பிடிச்சுதான்னு கேட்ட மொத ஆளு நீதான்" என்றார்.