ஜீப் ஆசையும் வாகனப் புத்தகமும்

கடந்த மாதம் என் மூத்த சகோதரியின் மகன் வவுனியாவிலிருந்து கொழும்புக்கு வந்திருந்தான். கைதடியில் இருந்த பரம்பரைக் காணியை விற்ற பணம் அவன் கையில் இருந்தது. மிகுதியை அனுப்புவதாகக் கனடாவிலுள்ள அவனது அண்ணன் சொல்லியிருந்தான். வெளிநாடுகளிலிருந்து வரும் எம்மவரைக் கட்டுநாயக்காவில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்கும், ஆசைப்படுபவர்களை வில்பத்துவுக்கும் கொண்டு செல்வதற்கு ஒரு பாவித்த பிராடோ ஜீப் வாங்க வேண்டும் என்பது அவனது திட்டம். கொழும்பின் புறநகர் ஒன்றிலுள்ள விற்பனை நிலையத்தில் வாகனத்தை ஏற்கெனவே பார்த்து, மனத்தளவில் வாங்கியும் விட்டிருந்தான். "மாமா, நீங்கள் ஒருக்கால் வந்து பார்த்தால் போதும்" என்றான்.

எனக்கு எஞ்சினைப் பற்றி அதிகம் தெரியாது. தெரிந்த கொஞ்சமும், 2002ஆம் ஆண்டில் ஏ9 வீதி திறக்கப்பட்ட பின்னர் செய்தி சேகரிப்பதற்காக வன்னிக்குப் போய்வந்த நாட்களில், எம்மை ஏற்றிச்சென்ற சாரதி கற்றுத் தந்தது. அவர் எந்த வாகனத்தையும் முதலில் குனிந்துதான் பார்ப்பார். மேலே பூசிய நிறம் விற்பவனுடையது, கீழே இருக்கும் துருதான் வாகனத்தினுடையது என்பார். எனவே நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போனேன்.

வாகனம் கண்ணாடிபோல் மின்னியது. இருக்கைகளில் தோல் மணம். மருமகன் சாரதி ஆசனத்தில் ஏறி அமர்ந்த விதத்திலேயே விலை பேசும் வலு எங்கள் பக்கத்திலிருந்து போய்விட்டது. இந்த நாட்டில் உயரமான ஜீப்புக்கு இருக்கும் மயக்கம் வாகனத்தின் மீதான மயக்கமல்ல. பஜேரோவில் வந்திறங்கிய அரசியல்வாதிகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்ற ஒரு தலைமுறையின் ஏக்கம் அது. ஏக்கத்தோடு வாங்கப் போகிறவன் ஏமாறுவதற்குத் தரகர் தேவையில்லை.

மெக்கானிக் முன் வலது சில்லுக்கு அருகில் படுத்து, அடிச்சட்டத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் செசி இலக்கத்தைத் தேடினார். பிராடோவிலும் லான்ட் குரூசரிலும் அது அங்கேதான் இருக்கும். துணியால் துடைத்து, கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினார். இலக்கங்கள் இருந்தன. ஆனால் அவற்றைச் சுற்றியுள்ள இரும்பு மட்டும் அரத்தால் உராய்ந்ததுபோல் மழமழப்பாக இருந்தது. ஓர் இலக்கம் மற்றவற்றின் வரிசையிலிருந்து சற்று இறங்கி நின்றது. அவர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, எஞ்சினைப் பார்க்கத் தேவையில்லை என்றார்.

எம்மவர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்வது இதைத்தான். எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, ஓடிப் பார்த்து, விலை பேசி, முற்பணம் கொடுத்த பிறகே கடதாசிகளைக் கேட்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் கடதாசிகள்தான் முதல். பழுதடைந்த எஞ்சினைப் பணம் செலவழித்துத் திருத்தலாம். பொய்யான புத்தகத்தை எந்தக் கராஜிலும் திருத்த முடியாது. விபத்தில் அழிந்த பழைய வாகனமொன்றின் புத்தகத்தையும் இலக்கத்தையும் வேறொரு வாகனத்துக்குச் சூட்டுவதும், துண்டுகளாக வெட்டி உதிரிப்பாகம் என்ற பெயரில் கொண்டுவந்ததை இங்கே ஒட்டி ஓடவிடுவதும் நம் நாட்டில் புதிய கதைகளல்ல. பொலிஸார் கைப்பற்றும்போது விற்றவர் அங்கே இருக்கமாட்டார். காணி விற்ற பணம் நீதிமன்ற வளவில் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும்.

ஆகவே நாரஹேன்பிட்டியிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு விபரங்களைப் பெற்று, செசி இலக்கம், எஞ்சின் இலக்கம், உற்பத்தி ஆண்டு, நிறம் ஆகியவற்றை வாகனத்தோடு நேரில் ஒப்பிட வேண்டும். லீசிங் கம்பனி ஒன்றின் பெயர் இன்னும் பதிவில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். உரிமையை மாற்றாமல், கையொப்பமிட்ட படிவத்தோடு மட்டும் நாலைந்து கை மாறிய வாகனத்தை, எவ்வளவு மலிவாக வந்தாலும் நான் தொடமாட்டேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய ஜீப்புகளின் விலை ஏறிய கதை எல்லோருக்கும் தெரியும். திறந்த பின்னரும் எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்து வரி விதிக்கப்படுவதால், பெரிய டீசல் ஜீப் ஒன்றைப் புதிதாக இறக்குவது சாதாரணமானவர்களுக்கு எட்டாத காரியம். எனவே பத்து, பதினைந்து வயதான வாகனங்களே கை மாறுகின்றன. அவற்றுள் வெள்ளம் குடித்தவையும் உண்டு. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோதும், 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் நீரில் நின்ற வாகனங்கள் எல்லாம் இரும்புக் கடைக்குப் போய்விடவில்லை.

வெள்ளத்தில் நின்ற வாகனத்தை மணத்தால் கண்டுபிடிப்பது கடினம், வாசனைத் திரவியம் மலிவு. ஆசனப் பட்டியைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். விரிப்பைத் தூக்கி வயர் இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா எனப் பாருங்கள். முன், பின் அச்சுகளிலுள்ள டிஃபரன்ஷியல் ஒயிலைச் சிறிது இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பால் கலந்ததுபோல் இருந்தால் உள்ளே நீர் போயிருக்கிறது.

எஞ்சினைப் பார்ப்பதாயின் அது குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். நீங்கள் வருமுன்னர் ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் நாளை வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். 2015 வரை பிராடோவில் வந்த 3 லீற்றர் டீசல் எஞ்சினில் இன்ஜெக்டரின் அடியிலுள்ள செப்பு வளையம் கசிவது தெரிந்த நோய். அதனால் ஒயிலில் கரி சேர்ந்து, ஒயிலை உறிஞ்சும் வடியை அடைத்துவிடும். பிறகு எஞ்சின் முழுவதுமே போய்விடும். வடியைக் கழற்றிப் பார்க்க ஆகும் செலவு சிறியது. விற்பவர் சம்மதிக்காவிட்டால் அதுவே பதில்.

பஜேரோவுக்கு வேறு கணக்கு. 1999இல் வந்த மூன்றாம் தலைமுறையிலிருந்து அதற்குத் தனியான அடிச்சட்டம் இல்லை, உடலோடு சேர்ந்தே வருகிறது. ஆகவே பலமாக மோதிய பஜேரோவை நேராக்குவது வெறும் தகர வேலையல்ல. டிஸ்கவரி, ரேஞ்ச் ரோவர் போன்ற காற்றில் நிற்கும் வாகனங்களை இரவு சமதரையில் நிறுத்திவைத்துக் காலையில் பாருங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் செலவு உங்கள் வாசலில் நிற்கிறது.

நான்கு சில்லும் இழுக்கும் தாழ் கியரை மண் தரையில் போட்டுப் பார்க்காமல் ஜீப் வாங்குவோர் அநேகர். பல ஆண்டுகளாகக் கொழும்பில் மட்டும் ஓடிய வாகனத்தில் அது இறுகிப் போயிருக்கலாம். நான்கு ரயர்களும் ஒரே அளவா, பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கத் திகதி என்ன என்பதையும் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மானியில் அறுபதாயிரம் கிலோமீற்றர் காட்டும் வாகனத்தின் பிறேக் மிதியில் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தால், எதை நம்புவது என்று நான் சொல்லத் தேவையில்லை.

லண்டனிலும் டொரொன்டோவிலும் இருந்து வாட்ஸ்அப்பில் வரும் படங்களைப் பார்த்துவிட்டுப் பணம் அனுப்பும் உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். படங்களை அனுப்பும் மைத்துனரையோ தம்பியையோ சந்தேகிக்கச் சொல்லவில்லை. அவருக்கும் அந்த ஜீப்பில் ஆசை இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். ஆசையில்லாத ஒருவரை, வாகனத்தில் ஒரு சதமும் இலாபமில்லாத ஒரு மெக்கானிக்கை, கூலி கொடுத்து அனுப்புங்கள்.

திரும்பி வரும் வழியில் மருமகன் பேசவில்லை. விற்பனை நிலையக்காரர் அன்றிரவே தொலைபேசியில் அழைத்து மூன்று இலட்சம் குறைப்பதாகச் சொன்னாராம். "செசி இலக்கத்தைப் பற்றிக் கேட்டாயா?" என்றேன். கேட்டதும் இணைப்புத் துண்டிக்கப்பட்டதாகச் சொன்னான். வரும் சனிக்கிழமை நீர்கொழும்பில் இன்னொன்றைப் பார்க்கப் போகிறோம். விடிய ஆறு மணிக்கே வருவதாகவும், அதுவரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்றும் உரிமையாளரிடம் சொல்லியிருக்கிறோம்.