தோல் புற்றுநோய்: கத்தி முதல்லயா, மருந்து முதல்லயா?

1/ தோல் புற்றுநோய்னு பயாப்ஸி ரிப்போர்ட் வந்ததும் குடும்பத்துல ரெண்டு குரல் கேட்கும். ஒண்ணு, "நாளைக்கே வெட்டி எடுத்துடுங்க டாக்டர்". இன்னொண்ணு, "கத்தி பட்டா பரவிடும், வேண்டாம்". ரெண்டு பேருக்கும் சேர்த்துதான் இந்தப் பதிவு. கொஞ்சம் பொறுமையா படிங்க.

2/ ரெண்டாவது குரலுக்கு முதல்ல பதில். முறையா செய்யுற ஆபரேஷனால புற்றுநோய் பரவாது. தள்ளிப்போட்டா பரவும். பேசல் செல் வகை, ஆரம்ப நிலை ஸ்குவாமஸ் செல் வகை, மெல்லிசா இருக்கும்போதே கண்டுபிடிச்ச மெலனோமா, இதுக்கெல்லாம் பெரும்பாலும் சுத்தி இருக்கிற கொஞ்சம் நல்ல தோலோட சேர்த்து வெட்டி எடுத்தாலே போதும்.

3/ சிக்கல் அடுத்த கட்டத்துலதான். மெலனோமா தோலைத் தாண்டி தொடை இடுக்குலயோ அக்குள்லயோ நெறி கட்டியிருச்சுன்னா அது மூணாவது நிலை. வழக்கமான முறை என்னன்னா, முதல்ல எல்லாத்தையும் வெட்டி எடுத்துட்டு, கண்ணுக்குத் தெரியாம மிச்சம் இருக்கிற செல்களுக்காக அப்புறமா மருந்து கொடுக்கிறது.

4/ அந்த மருந்து இம்யூனோதெரபி. கீமோ மாதிரி செல்லை நேரடியா கொல்லாது. நம்ம டி செல்களுக்கு பிடி-1னு ஒரு பிரேக் இருக்கு. புற்றுநோய் அதை அழுத்திப் பிடிச்சு தப்பிச்சுக்கும். பெம்ப்ரோலிசுமாப் மாதிரி மருந்துகள் அந்த பிரேக்கை விடுவிக்கும். இந்த பிரேக்குகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காகத்தான் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைச்சது.

5/ இப்போ விஷயத்துக்கு வருவோம். 2023-ல் வெளியான எஸ்1801 ஆய்வு. 313 பேர். ஒரு குழுவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு 18 டோஸ். இன்னொரு குழுவுக்கு முன்னாடி 3, பின்னாடி 15. ரெண்டு வருஷத்துல நோய் முற்றாம, திரும்பி வராம இருந்தவங்க முதல் குழுவுல 49%, ரெண்டாவதுல 72%.
அதே மருந்து. அதே 18 டோஸ். மாறினது வரிசை மட்டும்தான்.

6/ ஏன் இப்படி? மோப்ப நாயை நினைச்சுக்கோங்க. திருடன் விட்டுட்டுப் போன சட்டையை மோந்து பார்த்தாதான் அது ஆளைத் தேடும். கட்டி உடம்புல இருக்கும்போதே மருந்து கொடுத்தா டி செல்கள் அதை மோந்து, பழகி, உடம்பு முழுக்கத் தேடப் போகும். கட்டியை எடுத்துட்டு மருந்து கொடுக்கிறது, சட்டையைத் துவைச்சுக் காயப்போட்டுட்டு நாயைக் கூப்பிடுற மாதிரி.

7/ 2024-ல் நாடினா ஆய்வு. 423 பேர். ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு இம்யூனோ மருந்துகள் சேர்த்து 2 டோஸ். ஒரு வருஷக் கணக்கு: 83.7%. முதல்ல ஆபரேஷன், அப்புறம் நிவோலுமாப்னு போனவங்களுக்கு 57.2%. இன்னொரு லாபமும் உண்டு. வெட்டி எடுத்த நெறிக்கட்டியைப் பார்த்தா மருந்து எவ்வளவு வேலை செஞ்சதுன்னு தெரிஞ்சிடும். கிட்டத்தட்ட 59% பேருக்கு அதுல புற்றுநோய் பெரும்பாலும் அழிஞ்சிருந்தது. அவங்களுக்கு மேற்கொண்டு மருந்தே கொடுக்கல.

8/ ஸ்குவாமஸ் வகைக்கும் இது உண்டு. 2022-ல் வந்த ஆய்வுல, செமிப்லிமாப் கொடுத்துட்டு ஆபரேஷனுக்குத் திட்டமிட்ட 79 பேர்ல 40 பேருக்கு, எடுத்த சதையில உயிருள்ள புற்றுநோய் செல்லே இல்லை.

9/ ஆனா இது மந்திரம் இல்லைங்க. சிலருக்கு மருந்து கேட்காது, காத்திருக்கிற வாரங்கள்ல நோய் முற்றலாம். தைராய்டு, குடல், நுரையீரல், கல்லீரல்னு பக்கவிளைவு வரலாம். நம்ம ஊர்ல உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில வர்ற மெலனோமா முக்கியமான வகை. வெயிலால வர்ற வகையை விட இதுல இந்த மருந்துகள் பொதுவா குறைவாத்தான் வேலை செய்யும். அதனால மேல சொன்ன சதவீதத்தை அப்படியே நமக்குப் பொருத்திப் பார்க்க முடியாது. விலை? சாமானியக் குடும்பத்தால தொடவே முடியாது.

10/ அப்புறம் எதுக்கு இதைச் சொல்றேன்? மருந்துக்குக் காசு வேணும். ஆனா முதல் வெட்டுக்கு முன்னாடி சர்ஜன், புற்றுநோய் மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர் மூணு பேரும் ஒரே மேசையில உட்கார்ந்து பேச எந்தக் காசும் வேண்டாம். "ஆபரேஷன் முடிஞ்சது, இனி மருந்து பார்க்கவும்"னு எழுதின சீட்டோட நோயாளிகள் எங்க ஓபிக்கு வர்றாங்க. அந்த நிலையில, மருந்தை முதல்ல கொடுக்கலாமாங்கிற கேள்விக்கே இடம் இல்லை. இந்தக் கூட்டு ஆலோசனையைக் கட்டாயமாக்கணும்கிறது என் கருத்து. மருந்து விலையைக் குறைக்கவும், காப்பீட்டுல சேர்க்கவும் அரசு பேசணும். அதுவும் அவசரம்.

11/ நீங்க செய்ய வேண்டியது, ஆபரேஷனுக்குக் கையெழுத்து போடும் முன்னாடி மூணு கேள்வி கேளுங்க.
எந்த நிலை?
நெறிக்கட்டியும் ஸ்கேனும் பார்த்தாச்சா?
எனக்கு மருந்து முதல்ல கொடுக்கலாமா, கூடாதுன்னா ஏன்?
கேட்கிறது உங்க உரிமை. டாக்டர் கோவிச்சுக்க மாட்டாங்க.

12/ கடைசியா ஒண்ணு. பாப் மார்லிக்கு மெலனோமா வந்தது கால் விரல் நகத்தடியில. 1977-ல் தெரிஞ்சது, 1981-ல் 36 வயசுல இறந்துட்டார். உள்ளங்கால்ல பெருசாகிட்டே போற கரும்புள்ளி, நகத்துல புதுசா ஒரு கருப்புக் கோடு, ஆறாத புண் இருந்தா கால் ஆணின்னு நினைச்சு பிளேடால சீவாதீங்க. பக்கத்துல இருக்கிற அரசு மருத்துவமனை தோல் பிரிவுல காட்டுங்க. இன்னைக்கு ராத்திரி வீட்டுப் பெரியவங்க பாதத்தை ஒரு தடவை பாருங்க.