கோப்பையை ஒரு அடி குறைக்கலாம்

கள்ளக்குறிச்சிப் பக்கம் மாட்டுப் பொங்கல் முடிஞ்சா அடுத்த வேலை கபடிதான். டவுன்ல இருக்கற உங்கள்ல நிறைய பேர் 2014-ல புரோ கபடி டிவியில வந்த பிறகுதான் இதைப் பாக்க ஆரம்பிச்சிருப்பீங்க. எங்களுக்கு அது அறுப்பு முடிஞ்ச களத்துல ஆடற ஆட்டம். நான் சின்னப் பையனா இருந்தப்ப சடுகுடுன்னு சொல்லுவோம்.

எங்க ஊர் டீம் ஆரம்பிச்சது 1986 பொங்கல்ல. கோடு போட சுண்ணாம்பு கூட இல்ல, அடுப்புச் சாம்பல்தான். ஏழு பேருக்கு ஏழு கலர் பனியன். 1990-ல பெய்ஜிங் ஆசிய விளையாட்டுல கபடியைச் சேர்த்து இந்தியா தங்கம் வாங்கின சேதியை டீக்கடையில சத்தமா வாசிச்சோம். ஏதோ நாங்களே போய் ஆடிட்டு வந்த மாதிரி.

ஊர்த்தெரு பசங்களும் காலனிப் பசங்களும் ஒரே டீமா ஆட பதினோரு வருஷம் ஆச்சு. தொடாம கபடி ஆட முடியாது. ஒருத்தன் காலை இன்னொருத்தன் புடிச்சே ஆகணும். அதுதான் பெரியவங்களுக்குப் பிரச்சினை. கடைசியில அவங்களை ஒத்துக்க வெச்சது நியாயம்னு நான் பொய் சொல்லமாட்டேன். மூணு வருஷமா முதல் ரவுண்டுலயே தோத்துத் திரும்பினோம், நல்லா பாடிப் போற பையன் காலனியில இருந்தான். அவ்வளவுதான்.

கல்வராயன் மலை டீம் வந்தா எல்லாருக்கும் பயம். மலை ஏறி இறங்கின கால். கணுக்காலைப் புடிச்சா விடமாட்டாங்க. வெள்ளிமலைக்குப் போற கடைசி பஸ்ஸை விட்டுட்டா பள்ளிக்கூடத் திண்ணையில படுத்திருந்து காலையில போவாங்க.

இதெல்லாம் சொல்ல வந்தது வேற விஷயத்துக்கு. மூணு வருஷம் முன்னாடி பக்கத்து ஊர் பைனல்ல எங்க பையன் ஒருத்தனுக்கு முட்டி ஜவ்வு அறுந்துபோச்சு. ஆட்டம் நடத்தினவங்க கையில 2,000 ரூபா கொடுத்தாங்க. ஆபரேஷனுக்கு ஊரே துண்டு ஏந்திச்சு. அவன் ஆறு மாசம் கூலிக்குப் போகல. அன்னிக்கு மைதானத்துல ஆள் உயரக் கோப்பை, லைட்டு, பிளெக்ஸ் எல்லாம் இருந்துச்சு. ஆம்புலன்ஸ் மட்டும் இல்ல.

அடிபடறது ஆட்டத்துல சகஜம்னு சொல்றாங்க. சகஜம்னு தெரியுதுல்ல, அப்ப அதுக்கு முன்னாடியே பணம் எடுத்து வைக்கணும்.

ரக்பின்னு ஒரு ஆட்டம் இருக்கு, நம்ம கபடி மாதிரியே ஆளைக் கட்டிப் புடிச்சுத் தள்றது. இங்கிலாந்துல 1895-ல அது ரெண்டா உடைஞ்சுது. சுரங்கத்துலயும் மில்லுலயும் வேலை செஞ்ச வடக்கத்தி ஆளுங்களுக்கு, ஆடப் போனதால விட்டுப்போன கூலியைக் கொடுங்கன்னு அவங்க கிளப்புங்க கேட்டுச்சு. பெரிய மனுஷங்க, ஆசைக்கு ஆடறவனுக்கு எதுக்குக் காசுன்னாங்க. வடக்குக் கிளப்புங்க தனியா போயிடுச்சு. வசதி இருக்கறவனுக்குத்தான் ஆசைக்கு மட்டும் ஆட முடியும். எங்க பசங்க கரும்பு வெட்டறவங்க, மரவள்ளி லோடு ஏத்தறவங்க. கால்தான் அவங்க சோறு.

நுழைவுக் கட்டணம் வாங்கற எந்த ஆட்டமும் ஆடற பசங்களுக்கு விபத்து பாலிசி எடுத்துட்டுத்தான் நடக்கணும். ஓரமா ஒரு ஆம்புலன்ஸும் நிக்கணும். இல்லேன்னா போலீஸ் அனுமதி கொடுக்கக்கூடாது.

வர்ற தை மாசம் எங்க ஊர்லயே ஆரம்பிக்கலாம்னு பேசியிருக்கோம். கோப்பையை ஒரு அடி குறைச்சா பணம் சரியா வரும்ங்கறது என் கணக்கு. பசங்க மத்த எல்லாத்துக்கும் தலையாட்டிட்டாங்க, கோப்பைக்கு மட்டும் இன்னும் ஒத்துக்கல.