பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீங்க! வெளியே வேலை பார்ப்பவருக்கு எந்த லேப்டாப்?

ரிச்சி தெருவுக்குள் நுழைந்து, "அண்ணே, சின்னதா ஒரு லேப்டாப் வேணும்" என்று கேட்டுப் பாருங்கள்.

"பட்ஜெட் எவ்வளவு தம்பி?" என்பார் கடைக்காரர். அடுத்து, "ஐ-3யா, ஐ-5ஆ?" என்பார். "எங்கே உட்கார்ந்து வேலை பார்ப்பீங்க?" என்று மட்டும் கேட்க மாட்டார்.

கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்!

சென்னையில் வீட்டிலும் இல்லாமல், ஆபீசிலும் இல்லாமல் பிழைப்பு நடத்துகிறவர்கள் எத்தனை பேர்! எழும்பூர் கோர்ட்டு வராண்டாவில் ஜூனியர் வக்கீல். ஆஸ்பத்திரி வாசலில் மெடிக்கல் ரெப். ரிஜிஸ்டிரார் ஆபீஸ் பக்கத்தில் பத்திரம் எழுதுகிறவர். டீக்கடை பெஞ்சில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். எங்களைப் போன்ற நிருபர்கள் கதையைக் கேட்கவே வேண்டாம். காலையில் வேப்பேரி கமிஷனர் ஆபீஸ். அப்புறம் ரிப்பன் மாளிகை. அதற்குள் போன் வந்தால் ராயப்பேட்டை ஆஸ்பத்திரி பிணவறை. மேஜைக்கு எங்கே போவது? தொடைதான் மேஜை. மோட்டார் சைக்கிள் சீட்டுதான் மேஜை!

இவர்களில் பெரும்பாலோர் சொந்தக் காசில் மெஷின் வாங்குகிறவர்கள். தவணை கட்டி முடிப்பதற்குள் அது மக்கர் பண்ணினால் போச்சு. தவணையும் கட்டணும், வேலையும் கெட்டுப்போகும்.

அதனால் நான் சொல்வது இதுதான். கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் மினுக்கிக்கொண்டு இருக்கிறதே, மலிவு விலைப் புது குட்டி லேப்டாப், அது வேண்டாம். ஏறக்குறைய அதே பணத்துக்கு, பெரிய கம்பெனிகள் 3, 4 வருஷம் ஓட்டிவிட்டுக் கழித்த 12½ அங்குல 'பிசினஸ்' லேப்டாப் கிடைக்கும். அதை வாங்குங்கள்.

"பழசா?" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். காரணத்தைக் கேளுங்கள்.

போன் போதாதா?

"கையிலேயே போன் இருக்கே, அது போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். பத்து வரிச் செய்திக்குப் போதும். நானும் போனில்தான் அடித்து அனுப்புகிறேன். ஆனால் 4 பக்க எப்.ஐ.ஆரை ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொண்டு, மறுபக்கம் எழுத வேண்டும் என்றால்? பாதியில் இன்ஸ்பெக்டர் லைனுக்கு வந்தால் அடித்துக்கொண்டு இருந்ததை விட்டுவிட்டு அவரிடம் பேசணும். அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளவும் அதே போன்தான் வேணும்.

"வாயால் சொன்னால் அதுவே டைப் பண்ணுமே" என்பார்கள். பண்ணும். பிணவறை வாசலில் நின்றுகொண்டு, செத்துப்போனவர் பெயரை, கத்தியால் குத்தப்பட்ட விவரத்தை, அவர் மனைவி காதுபடச் சொல்ல முடியுமா?

டேப்லட்டோடு மடக்குக் கீபோர்டு சேர்த்து விற்கிறார்கள். மேஜை இருந்தால் சரி. தொடையில் வைத்தால் பின்னால் சாய்ந்து விழும். அது நமக்கு ஆகாது.

அன்றைக்கே தெரிந்துவிட்டது!

வெளியே தூக்கிப்போகும் கம்ப்யூட்டர் நேற்று வந்த சங்கதி அல்ல. 1981-ல் அமெரிக்காவில் 'ஆஸ்போர்ன்-1' வந்தது. எடை ஏறக்குறைய 11 கிலோ! பேட்டரியும் கிடையாது. அரிசி மூட்டை மாதிரி தூக்கிப்போய், பிளக் பாயிண்ட் தேடணும்.

இரண்டே வருஷத்தில், 1983-ல், டாண்டி கம்பெனி 'டி.ஆர்.எஸ்.-80 மாடல் 100' என்ற மெஷினை விட்டது. சாமான்யமான மெஷின்தான். திரையில் 8 வரி, வரிக்கு 40 எழுத்து, அவ்வளவே. ஆனால் கீபோர்டு முழு அளவு. கடையில் விற்கிற சாதாரண சின்ன பேட்டரி நாலு போட்டால் 20 மணி நேரம் ஓடும். எழுதியதை டெலிபோன் லைனிலேயே ஆபீசுக்கு அனுப்பலாம். அமெரிக்கப் பத்திரிகை நிருபர்கள் அதைக் கொண்டாடினார்கள்.

கீபோர்டு, பேட்டரி, ஆபீசுக்கு அனுப்ப வழி. வெளியே வேலை பார்ப்பவனுக்கு வேண்டியது 40 வருஷத்துக்கு முன்பே தெரிந்துவிட்டது. நடுவில் 2007-ல் 'அசுஸ் ஈ பி.சி.' வந்து எல்லோரையும் மயக்கியது. 7 அங்குலத் திரை, ஒரு கிலோவுக்கும் கீழே எடை. ஆனால் கீபோர்டு பொம்மை மாதிரி! ஆங்கிலத்தில் இரண்டு வரி அடிக்கலாம். தமிழில் அடிக்கப் போனால்தான் வினை.

தமிழுக்கு வந்த சோதனை

இதை எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள். 1999-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட 'தமிழ்-99' கீபோர்டு முறையில் ச, ஞ, ந, ய, ழ ஆகிய எழுத்துகள் எங்கே இருக்கின்றன தெரியுமா? வலது ஓரத்தில். ஆங்கிலத்தில் அரைப்புள்ளி, பகர அடைப்பு, சாய்கோடு எல்லாம் இருக்கும் இடத்தில்.

ஆங்கிலத்தில் அடிப்பவருக்கு அந்தச் சாவிகள் எப்போதாவதுதான் தேவை. அதனால் குட்டி லேப்டாப் செய்கிற கம்பெனிக்காரன் இடம் பற்றவில்லை என்றால் முதலில் அந்தச் சாவிகளைத்தான் நறுக்குகிறான். நமக்கு அது 'ந'வும் 'ய'வும்! அவை இல்லாமல் தமிழில் ஒரு வாக்கியம் எழுதிவிட முடியுமா? 'நீதிபதி' என்று அடிக்கப்போய் 'தீதிபதி' என்று விழுந்தால் யார் ஜவாபு சொல்வது?

ஆகவே கடையிலேயே, நின்றபடியே பத்து நிமிஷம் தமிழில் அடித்துப் பாருங்கள். விண்டோசிலேயே தமிழ்-99 இருக்கிறது, சேர்த்துக்கொண்டால் போதும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். காசு நம்முடையது. 12½ அங்குல பிசினஸ் லேப்டாப்களில் எழுத்துச் சாவிகள் பெரும்பாலும் முழு அளவில் இருக்கும். 'திங்க்பேட் எக்ஸ்-280' மாதிரி மெஷின்களைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். எடை 1.2 கிலோவுக்குள்தான்.

எடை என்றதும் ஒரு விஷயம். சார்ஜரையும் சேர்த்து எடை பாருங்கள். சில பழைய மெஷின்களுக்கு அரைச் செங்கல் அளவுக்கு சார்ஜர் இருக்கும். 'டைப்-சி' வழியாக சார்ஜ் ஏறும் மெஷினாக இருந்தால், ஒரே 65 வாட் சார்ஜர் போனுக்கும் ஆச்சு, லேப்டாப்புக்கும் ஆச்சு.

பேட்டரி கணக்கு

"பத்து மணி நேரம் நிக்கும் தம்பி" என்பார் கடைக்காரர். நம்பாதீர்கள். பேட்டரிக்கு 'வாட்-அவர்' என்று ஒரு எண் இருக்கும், அதைக் கேளுங்கள். 48 என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சத்தைக் குறைத்து எழுத்து வேலை மட்டும் பார்த்தால் மெஷின் 6 வாட் தின்னும். ஆக 8 மணி நேரம். வீடியோ, வாட்ஸ்அப், இன்டர்நெட் என்று எல்லாவற்றையும் திறந்து வைத்தால் 12 வாட் தின்னும். 4 மணி நேரத்தில் படுத்துவிடும்.

பழைய மெஷினில் பேட்டரி தேய்ந்திருக்கும். எவ்வளவு தேய்ந்தது என்பதை விண்டோசே சொல்லும். பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள். புதிதில் எவ்வளவு பிடித்தது, இன்றைக்கு எவ்வளவு பிடிக்கிறது என்று இரண்டு எண் வரும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால், புது பேட்டரி போட்டுக் கொடுத்தால்தான் ஆச்சு என்று அடம் பிடியுங்கள்.

பவர் பேங்க் வைத்திருப்பவர்களும் கவனியுங்கள். 20 ஆயிரம் எம்.ஏ.எச். என்று போட்டிருந்தால் அது 74 வாட்-அவர். சேதாரம் போக லேப்டாப்புக்கு ஒரு முழு சார்ஜ் கிடைக்கும். ஆனால் 45 வாட்டாவது தள்ளுகிற பவர் பேங்காக இருக்கணும். போனுக்கு வாங்கிய 18 வாட் பவர் பேங்க் லேப்டாப்புக்குச் சரிப்படாது. 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வந்து, வேளச்சேரி, பள்ளிக்கரணை எல்லாம் தண்ணீரில் மிதந்தபோது நாள் கணக்கில் கரண்டு இல்லை. சுவரில் உள்ள பிளக்கை நம்பி இந்த ஊரில் மழைக்காலத்தை ஓட்ட முடியாது.

திரை விஷயம் சின்னது. மெஷினைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பாருங்கள். எழுத்து தெரிந்தால் எடுங்கள். உங்கள் மூஞ்சி தெரிந்தால் வைத்துவிடுங்கள்.

35 மார்க் பாஸ்!

மலிவான புது மெஷின்களை ஏன் வேண்டாம் என்கிறேன்? அவற்றில் பல 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம் என்று வருகின்றன. விண்டோஸ்-11 ஓடுவதற்கு மைக்ரோசாப்ட் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவே அதுதான். 35 மார்க் எடுத்து பாஸ் பண்ணின கதை! வாங்கின அன்றைக்கு ஓடும். இரண்டு அப்டேட் வந்தால் இடம் நிறைந்துவிடும். பெரும்பாலும் போர்டோடு சேர்த்து ஒட்டியிருப்பார்கள். கூட்டவும் முடியாது, கழட்டவும் முடியாது.

2011-ல் தமிழக அரசு பிளஸ்-2 மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. எங்கள் வயசுக்காரர்களில் பலர் அதில்தான் கீபோர்டையே தொட்டார்கள். அது படிப்புக்காக வந்தது, வீட்டில் பிளக்கில் சொருகி வைத்துப் பார்க்க. அதே கண்ணோட்டத்தில் தொழிலுக்கும் மெஷின் தேடினால் தப்பு.

பழசு வாங்கும்போது ஒரு எண்ணை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். விண்டோஸ்-10க்கு மைக்ரோசாப்ட் கொடுத்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்தது. விண்டோஸ்-11 முறைப்படி ஏற வேண்டும் என்றால் இன்டெல் 8-வது தலைமுறையாவது வேண்டும். ஐ-5 என்பதற்குப் பின்னால் வரும் எண் 8-ல் தொடங்கினால் சரி. 6, 7-ல் தொடங்கினால், "அருமையான மெஷின் தம்பி, பாதி விலைக்குத் தர்றேன்" என்பார். அருமையான மெஷின்தான், மறுக்கவில்லை. லினக்ஸ் போட்டு ஓட்டத் தெரிந்தவர்கள் வாங்கட்டும்.

திருட்டுச் சரக்கு உஷார்!

திருவல்லிக்கேணி மேன்ஷன்களிலும் ஹாஸ்டல்களிலும் லேப்டாப் திருட்டு என்பது போலீஸ் செய்தியில் பழகிப்போன வரி. திருடியதை யாரோ வாங்குவதால்தானே திருடுகிறான்? தெருவோரத்தில், பில் இல்லாமல், சார்ஜர் இல்லாமல் யாராவது நீட்டினால் கையை நீட்டாதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால், அல்லது அப்படி நினைக்கக் காரணம் இருந்தும் வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவு பாயும். 3 வருஷம் வரை ஜெயில்.

பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள். மெஷினின் அடியில் உள்ள நம்பரோடு ஒத்துப்பாருங்கள். இன்னொன்று. திங்க்பேட்டாக இருந்தால், ஆன் செய்ததும் எப்-1 சாவியைத் தட்டச் சொல்லுங்கள். உள்ளே பாஸ்வேர்டு கேட்டால் நகர்ந்துவிடுங்கள். ஒன்று கம்பெனி பூட்டைக் கழட்டாமல் விற்றிருக்கிறது. அல்லது கம்பெனிக்கே தெரியாமல் வந்திருக்கிறது.

தொலைந்தால் என்ன ஆகும்?

செல்போன் காணாமல்போனால் ஐ.எம்.இ.ஐ. நம்பரை வைத்து முடக்க மத்திய அரசின் 'சி.இ.ஐ.ஆர்.' இணையதளம் இருக்கிறது. 2023-ல் நாடு முழுக்க வந்தது. லேப்டாப்புக்கு அது உதவாது. சிம் போடாத மெஷினுக்கு ஐ.எம்.இ.ஐ. நம்பரே கிடையாது. பஸ்சில் விட்டால் விட்டதுதான்.

மெஷின் போனால் பணம்தான் நஷ்டம். உள்ளே இருப்பது? வக்கீலின் மெஷினில் கட்சிக்காரர் ரகசியம். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் மெஷினில் ஊரார் ஆதார் நகல். எங்கள் மெஷினில் புகார் கொடுத்த பெண்ணின் பெயர், வீட்டு முகவரி, சில சமயம் 10 வயசுக் குழந்தையின் வாக்குமூலம். பலாத்கார வழக்கில் பாதிக்கப்பட்டவர் அடையாளத்தை வெளியிட்டால் 72-வது பிரிவுப்படி 2 வருஷம் வரை ஜெயில். குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு இருக்கிறது. சட்டம் பத்திரிகையில் வெளியிடுவதைத் தண்டிக்கிறது. பையோடு மெஷினைத் தூக்கிப் போனவன் அதைப் படித்துவிட்டு அந்தப் பெண் வீட்டுக்கே போன் போட்டால்? அவர் மானத்துக்கு யார் பொறுப்பு?

லாக்-இன் பாஸ்வேர்டு மட்டும் போதும் என்று நினைக்கிறவர்கள் பலர். போதாது. டிஸ்க்கைக் கழட்டி வேறு மெஷினில் மாட்டினால் எல்லாம் தெரியும். டிஸ்க்கையே பூட்டும் வசதி விண்டோசில் இருக்கிறது. செட்டிங்சில் போய் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' ஆன் ஆகி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய மலிவு மெஷின்கள் சிலவற்றில் அந்த வசதியே வராது. அப்படிப்பட்டதை வெளி வேலைக்கு எடுக்காதீர்கள்.

ஆன் செய்யும்போது 48 இலக்கத்தில் ஒரு மீட்புச் சாவி வரும். மெஷின் தகராறு செய்தால் அந்த எண் இல்லாமல் நீங்களே உள்ளே போக முடியாது. அதை ஒரு தாளில் எழுதி வீட்டுப் பீரோவில் வையுங்கள். லேப்டாப் பையின் முன் ஜிப்பில் வைக்காதீர்கள்.